பாலகுருவின் களிமண் உருண்டை

ஞாயிற்றுக்கிழமை காலை கறிக்கடை வரிசையில் நின்றிருந்தபோது செல்போன் அடித்தது. பாலகுருவின் மகள் கலையரசி பேசினாள். "மாமா, அப்பா போயிட்டாருங்க. நீங்க வூட்டுக்கு வாங்க" என்றாள். அழவில்லை. கையிலிருந்த பையை யாரிடம் கொடுத்தேன் என்று இன்றுவரை எனக்கு நினைவில்லை.

நம் பீங்கான் கம்பெனி ஷெட்டில் பாலகுருவோடு நின்றவர்களுக்கு அவரைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அவரிடம் திட்டு வாங்காதவர்கள் நம்மில் யார்? அச்சிலிருந்து எடுத்த கோப்பையைக் கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்தி, விளிம்பைச் சீவலாமா, இன்னும் காய வேண்டுமா என்று சொல்வது அவர் வேலை. "மனுஷன் ஆயிரம் சொல்லுவான்யா, மண்ணு பொய் சொல்லாது" என்பார். ஈரச்சாக்கால் மூடாமல் களிமண்ணைப் போட்டுவிட்டு யாராவது டீக்குப் போனால் அன்றைக்கு அவன் தொலைந்தான்.

அவருடைய ஒரே மகள் கலையரசி. பிறந்ததிலிருந்தே அவளுக்கு இரண்டு கைக் கட்டைவிரல்களிலும் வலு கிடையாது. எழுதுவாள், ஓடுவாள், வாயும் நீளம்தான். சட்டைப் பொத்தான் போட மட்டும் அம்மா வேண்டும். ஐந்தாம் வகுப்பு முடிந்ததும் ரயில்வே மேம்பாலத்துக்கு அந்தப் பக்கம் இருந்த பள்ளியில் சேர்க்க வேண்டி வந்தது. காலை ஷிப்டு இவருக்கு, வயல் வேலை அம்மாவுக்கு. கொண்டுபோய் விட ஆள் இல்லை. "கடலூர்ல ஆஸ்டல் இருக்குதாம், சேத்துடலாம்" என்றார் மனைவி. பாலகுரு இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தார். மகளை அனுப்பிவிட்டு அந்த வீட்டில் இருக்க அவரால் முடியாது.

வழி ஒன்றுதான் இருந்தது. அவள் தானே சைக்கிளில் பாலம் ஏறி இறங்க வேண்டும். அவர் மச்சான் மகன் ஓட்டிப் பழசான சின்ன கியர் சைக்கிள் ஒன்று வந்து சேர்ந்தது. கியரைக் குறைத்தால் மேடு சுலபமாக ஏறும். ஆனால் குறைக்கும் லிவரைக் கட்டைவிரலால் தள்ள வேண்டும். அவளுக்கு அது அசையவே இல்லை. பாதிப் பாலத்தில் இறங்கி, லாரிகளுக்கு நடுவே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நின்றாள்.

பாலகுரு கடைவீதிக்குப் போய் வேறு லிவர் வாங்கி வந்தார். "பூ மாதிரி இருக்குதுயா" என்று என்னிடமும் தள்ளிக் காட்டினார். இருபது வருஷம் மண்ணை அழுத்திக் காய்த்துப்போன விரல் அது. அதற்கு எதுதான் பூவாக இருக்காது? வீட்டில் அவள் முகம் சிவக்கத் தள்ளியும் லிவர் நகரவில்லை. "மனசு வச்சு தள்ளுடி!" என்று இவர் கத்த, அவள் சைக்கிளைக் கீழே தள்ளிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அதன் பிறகுதான் அந்த யோசனை. நம் ஷெட்டு ஆளுக்குத் தவிர வேறு யாருக்கும் அது தோன்றியிருக்காது. களிமண்ணைப் பிசைந்து பிசைந்து, மகள் கட்டைவிரலால் அழுத்தினால் லேசாகக் குழி விழுகிற பதத்தில் ஒரு உருண்டை செய்தார். கடையில் லிவரை அந்த உருண்டையால் தள்ளிப் பார்ப்பது. லிவர் நகர்ந்தால் அவளாலும் முடியும். மண்ணில் குழி விழுந்தால் முடியாது. உருண்டையை எடுத்துக்கொண்டு பாண்டிச்சேரிக்குப் பஸ் ஏறினார். மூன்று கடை பார்த்து, உருண்டை சொன்ன லிவரை வாங்கி வந்தார்.

அதையும் அவளால் தள்ள முடியவில்லை. மறுநாள் ஷெட்டில் அந்த உருண்டையை வாங்கிப் பார்த்தேன். கல்லாக இருந்தது. ஈரத்துணி சுற்றாமல் பேப்பரில் மடித்து, ஜன்னலோர சீட்டில் மடியில் வைத்துக்கொண்டு போயிருக்கிறார். ஊரையே ஈரச்சாக்குக்காகத் திட்டும் மனுஷன்! ஷெட்டே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

"யோவ், புள்ளைய கூட்டிக்கிட்டுப் போயி தள்ளச் சொன்னா தெரிஞ்சிட்டுப் போவுது. உருண்டை எதுக்குய்யா?" என்று கேட்டேன்.

உருண்டையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, "கடைக்காரன் அவ கையப் பாப்பான்யா. 'ஐயோ பாவம்'னு சொல்லுவான். அது அவ காதுல வுழக்கூடாது" என்றார்.

அடுத்த ஞாயிறு அவர், மகள், நான் என மூன்று பேருமாகக் கடைவீதிக்குப் போனோம். அவர் பயந்தபடியே நடந்தது. "ஐயோ, புள்ளைக்கு வெரலு இப்படியா?" என்றார் கடைக்காரர். பாலகுரு அடிக்கப் போகிறவர்போல் நிமிர்ந்தார். கலையரசி முந்திக்கொண்டாள். "ஆமாங்க, அழுத்த வராது. ஆனா திருப்ப வரும். பாட்டில் மூடியெல்லாம் உள்ளங்கையிலயே திருகிடுவேன். அந்த மாதிரி இருக்குதுங்களா?" கடைக்காரர் உள்ளே போய், கைப்பிடியோடு சேர்ந்து, வண்டி ஆக்சிலேட்டர்போல முறுக்கும் கியர் ஒன்றை எடுத்து வந்தார். அவள் உள்ளங்கையால் பிடித்து முறுக்கினாள். டக் என்று விழுந்தது. "இதாம்ப்பா" என்றாள்.

"ஏன்டி, இதை மொதல்லயே சொல்றதுக்கு என்ன?" என்றார்.

"நீங்க எங்கப்பா கேட்டீங்க?" என்றாள்.

ஆஸ்டல் பேச்சு அதோடு முடிந்தது. மேல்நிலைப் படிப்பு முடியும்வரை அந்தப் பாலத்தில் அவள் ஏறி இறங்கினாள். இப்போது காலேஜில் படிக்கிறாள்.

இங்கே முடித்துவிடலாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். மனசு விடவில்லை. மூன்று வருஷமாக பாலகுரு இருமிக்கொண்டிருந்தார். நம் ஷெட்டின் வெள்ளைத் தூசி யார் நெஞ்சில்தான் இல்லை? டாக்டரிடம் போகச் சொன்னால், "சளிதான்யா" என்பார். கண்டவரையும் மருந்துக்கடைக்கு அனுப்பி, இருமலின் லட்சணத்தைச் சொல்லி சிரப் வாங்கிக் குடிப்பார். தானாகப் போகமாட்டார். மகளே இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனபோது காலம் கடந்திருந்தது. மூச்சுக்கு இழுக்கும் மருந்தைக் கொடுத்தார்கள், அழுத்தி இழுக்கும் டப்பா. அதை அழுத்த அந்தக் கட்டைவிரலுக்கு வலு இல்லாமல் போயிருந்தது. கடைசியாக நான் பார்க்கப் போனபோது கலையரசி வேறொன்றை வாங்கி வந்திருந்தாள். "இது அழுத்த வேணாம்ப்பா. திருப்புனா போதும்" என்று அவர் உள்ளங்கையில் வைத்தாள். திருப்பிப் பார்த்துவிட்டு, "பூ மாதிரி இருக்குது" என்றார். நான் வெளியே வந்துவிட்டேன்.

காரியம் முடிந்து கிளம்பும்போது வாசலில் எனக்கு இருமல் வந்தது. கலையரசி செருப்பைப் போடவிடாமல் நின்றாள்.

"எத்தினி நாளா மாமா?"

"மழைக்குப் புடிச்ச சளிம்மா. கடையில சொல்லி சிரப் வாங்கிக் குடிக்கிறேன்."

அவள் கண் அப்போதுதான் கலங்கியது. "டாக்டருக்கிட்ட நேர்ல போவாம, அப்பா மாதிரி நீங்களும் களிமண்ணு உருண்டையத்தான் அனுப்பிக்கிட்டு இருக்கீங்களா?" என்றாள்.

திங்கட்கிழமை என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வருவதாகச் சொல்லியிருக்கிறாள். பாலகுருவிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தவை இவைதான்: அந்த இருமல், நேரில் போய்க் காட்ட அந்தப் பயம், விடாமல் கேட்கிற ஒரு பெண்.