கதவில் ஒட்டி வைத்த பேஸ் கிட்டார்

அந்தப் பழைய ஜப்பான் பேஸ் கிட்டாரை வாங்குவதா வேண்டாமா என்று எங்கள் வீட்டில் ஒரு மாதத்துக்கு மேல் பேச்சு நடந்தது. பேச்சு என்றால் நானும் என் மனைவியும் பேசியதுதான். யாருக்காக வாங்க வேண்டுமோ அவன் அடுத்த அறையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான்.

மகனுக்கு அப்போது இருபத்தொரு வயது. மாதா கோயில் பாடகர் குழுவில் கிட்டார் கற்றுக்கொண்டவன். பாலிடெக்னிக் முடித்ததும் நான் வேலை பார்த்த நூற்பாலையிலேயே அவனைச் சேர்த்துவிட நினைத்தேன். அவன் திண்டுக்கல்லில் ஒரு மெல்லிசைக் குழுவில் சேர்ந்துவிட்டான். பங்குனியில் தொடங்கினால் ஆவணி வரை ஊர் ஊராகத் திருவிழாக் கச்சேரி. மாலையில் வேன் ஏறினால் மறுநாள் விடிந்துதான் வருவான். எல்லார் கையிலும் செல்போன் வராத காலம். கேட் சத்தம் கேட்கும் வரை எனக்குத் தூக்கம் பிடிக்காது.

கீரனூர்ப் பக்கம் ஒரு கோயில் திருவிழாவில் வாசித்துவிட்டுத் திரும்பும்போது, ஒட்டன்சத்திரம் தாண்டி, பழுதாகி நின்றிருந்த காய்கறி லாரியின் பின்னால் வேன் மோதியது. லாரியில் பின்விளக்கு எரியவில்லை. டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பேஸ் கிட்டார்காரர் அந்த இடத்திலேயே இறந்துபோனார். மகன் மதுரையில் ஆஸ்பத்திரியில் கிடந்தான். உயிருக்கு ஒன்றுமில்லை, ஆனால் இடது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் இனி மடங்காது என்றார்கள்.

கிட்டார் வாசிக்கிறவனுக்கு அந்த இரண்டு விரல்கள் இல்லையென்றால் இடது கையே இல்லாத மாதிரி. ஒரே நேரத்தில் பல கம்பிகளைப் பல இடங்களில் அழுத்த வேண்டும். வீட்டுக்கு வந்த மறுநாள் கிட்டாரை மடியில் வைத்துப் பார்த்தான். செத்த நேரம்தான். பிறகு அதைப் பரணில் ஏற்றிவிடச் சொன்னான். கையைப் பழக்கச் சொல்லி டாக்டர் கொடுத்த ரப்பர் பந்து கட்டிலுக்கு அடியில் உருண்டு கிடந்தது. தட்டில் வைத்த சோறு வைத்தபடி காய்ந்தது. கூப்பிட்டால் "ம்" என்பான். அதற்கு மேல் பேச்சு கிடையாது.

குழுவில் கீபோர்டு வாசிப்பவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். மகனைப் பார்த்துவிட்டு வெளியே வந்து என்னிடம் பேசினார். இறந்தவரின் பேஸ் கிட்டாரை அவர் வீட்டில் விற்கப்போகிறார்களாம். பேஸில் நான்கே கம்பி. ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான், பல கம்பிகளைச் சேர்த்து அழுத்திக் கார்டு பிடிக்க வேண்டியதில்லை. ஆனால் இப்போது கடையில் கிடைக்கிற பேஸுக்குக் கழுத்து நீளம், இரண்டு விரலால் எட்டிப் பிடிக்க முடியாது.

"இது பழைய ஜப்பான் சாமான் சார். நம்ம தம்பி பொறக்கறதுக்கு முந்தி செஞ்சது. கழுத்து குட்டை. ரெண்டு விரல் போதும். இந்த மாதிரி இன்னொன்ன இந்தப் பக்கம் நீங்க பாக்க முடியாது."

எப்போதோ கப்பலில் வேலை பார்த்த யாரோ சென்னைக்குக் கொண்டுவந்தது, பல கை மாறி இறந்தவரிடம் வந்திருக்கிறது. வேனில் மற்ற வாத்தியங்களை மேலே கட்டினாலும் இதை மட்டும் அவர் மடியோடு வைத்துக்கொள்வாராம். விபத்தில் அதற்கு ஒரு மூலை பெயர்ந்ததோடு சரி. இதைச் சொல்லும்போது கீபோர்டுக்காரருக்கே குரல் இறங்கிவிட்டது. நான் அவரை அனுப்பிவிட்டு வந்து, இந்தப் பேச்சே வேண்டாம் என்று மனைவியிடம் சொன்னேன்.

"வாங்கிக் குடுங்க" என்றாள் அவள்.

"வாங்கிக் குடுத்தா மறுபடியும் வேன்ல ஏறுவான்."

"ஏறட்டும். நீங்க மில்லுக்குப் போயிர்றீங்க. பகல் பூரா அவன் படுத்துக் கெடக்கறத நான்தான் பாக்குறேன்." கொஞ்சம் பொறுத்து, சமையல்கட்டில் இருந்தபடியே சொன்னாள்: "எலி மருந்த எடுத்துப் பக்கத்து வீட்ல குடுத்து வச்சிருக்கேன். உங்களுக்கு அது தெரியுமா?"

எனக்குத் தெரியாது. அதன்பிறகு எத்தனையோ நாள் மில்லில் உட்கார்ந்து அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். நூல் எவ்வளவு இழுத்தால் அறும் என்று இயந்திரத்தில் மாட்டிப் பார்ப்பது என் வேலை. எந்த நூலுக்கும் ஒரு எண் வந்துவிடும். வீட்டில் இருப்பவனுக்கு அப்படி எதுவும் சொல்ல முடியவில்லை. கட்டிலில் கிடந்தால் ஒரு பயம், வேனில் போனால் ஒரு பயம். இரண்டில் எது பெரிது என்று யார் சொல்வது?

கடைசியில், பார்த்துவிட்டு வருவோம் என்று ஒப்புக்கொண்டேன். பழைய வாத்தியம்தானே, ஏதாவது குறை இல்லாமலா இருக்கும், அதைச் சொல்லித் தட்டிக்கழித்துவிடலாம் என்பது என் கணக்கு. என்னென்ன பார்க்க வேண்டும் என்று ஒரு இசைக்கருவிக் கடையில் விசாரித்தும் வைத்துக்கொண்டேன். கழுத்து வளைந்திருக்கிறதா, உள்ளே வயர் துருப்பிடித்திருக்கிறதா, குமிழைத் திருகும்போது கரகரக்கிறதா. மகனிடம் சொன்னேன். அவன் எழுந்து சட்டையை மாற்றிக்கொண்டான்.

வாசித்துப் பார்க்க வேண்டுமே என்று கோயில் பாடகர் குழுவின் சின்ன ஸ்பீக்கர் பெட்டியை இரவல் வாங்கி ஆட்டோவில் வைத்துக்கொண்டு பேகம்பூர் போனோம். தோல் ஊறப்போட்ட வாடை அடிக்கும் ஒரு சந்தில் வீடு. இறந்தவரின் மனைவியுடைய அண்ணன் வாசலில் நின்றிருந்தார். கையில் பெட்டியைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"சார், தங்கச்சி இத்தா இருக்கு. பெட்டிய ஆட்டோலயே வச்சிருங்க."

எனக்கு உடம்பு கூசிப்போனது. கணவனை இழந்த பெண் நான்கு மாதத்துக்கு மேல் வெளியே வராமல், அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல் இருக்கும் காலம் அது. நான் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவன், முஸ்லிம்களோடு படித்தவன், வேலை பார்த்தவன். அந்த வீட்டுக்குப் பாட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் நிற்கிறேன். மகன் ஆஸ்பத்திரியில் கிடந்ததால் நாங்கள் துக்கத்துக்கும் போகவில்லை. முதன்முதலில் போனதே பொருள் வாங்கத்தான்.

அண்ணன் பெரிய மனதுக்காரர். அதைப் பெரிதுபடுத்தாமல் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார். கிட்டார் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தால் தங்கச்சி தேறமாட்டாள், அதனால்தான் அதை விற்றுவிடும்படி தானே சொன்னதாக மெல்லிய குரலில் சொன்னார். முன்னறைக்கும் உள்ளறைக்கும் நடுவில் ஒரு மரக் கதவு. அது ஒருக்களித்துச் சாத்தியிருந்தது. பின்னால் ஆள் இருப்பது தெரிந்தது.

கிட்டாரைக் கொண்டுவந்து கொடுத்தார். கறுத்த சிவப்பு நிறம். கை படும் இடமெல்லாம் வண்ணம் போய் வெறும் மரம் தெரிந்தது. தோளில் மாட்டும் வார் இல்லை. மகன் அந்த வார் மாட்டும் ஆணியைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான். நாங்கள் யாரும் வாரைப் பற்றிக் கேட்கவில்லை.

நான் அதை வாங்கி, கடையில் சொல்லிக்கொடுத்தபடி ஒரு கண்ணை மூடிக்கொண்டு கழுத்தின் நுனியிலிருந்து பார்த்தேன். வளைவு இருந்தது. நான் தேடிவந்தது கிடைத்துவிட்டது.

"வளைஞ்சிருக்கே" என்றேன்.

"தெரியும்ப்பா" என்றான் மகன். கையை நீட்டி வாங்கிக்கொண்டான்.

அவன் மடியில் வைத்து ஒரு கம்பியை இழுத்தான். கரண்ட் இல்லாத பேஸ் கிட்டாரில் சத்தம் என்று ஒன்றும் வராது. கொசு பறக்கிற மாதிரி ஏதோ கேட்டது. குனிந்து கன்னத்தை மரத்தில் வைத்துக் கேட்டுப் பார்த்தான். இரண்டு விரலும் எட்டின. ஆனால் என்ன வாசிக்கிறான் என்று அவனுக்கே சரியாகத் தெரிந்திருக்காது. நிறுத்திவிட்டான்.

அப்போது கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "அண்ணே, அது தலைய இந்தக் கதவுல ஒட்டி வைக்கச் சொல்லு."

அண்ணனுக்குப் புரியவில்லை. அந்தப் பெண் மறுபடியும் சொன்னார். "புள்ளைங்க தூங்குற நேரம் அவுக பெட்டி போட மாட்டாக. கதவுல சாச்சு வச்சுத்தான் வாசிப்பாக."

மகன் நாற்காலியை நகர்த்திப் போட்டு, கம்பிகளை முறுக்கும் தலைப்பகுதியைக் கதவுப் பலகையில் அழுத்தி வைத்தான். வைத்துக் கம்பியை இழுத்ததும் கதவு முழுக்க அதிர்ந்து கனமான சத்தம் வந்தது. வீட்டுக்கு வெளியே போகாத சத்தம். நாங்கள் உட்கார்ந்திருந்த பெஞ்சில்கூட லேசாகத் தெரிந்தது. ஏதோ தாளத்தை மெதுவாக வாசித்தான். தவறவிட்டான், மறுபடி பிடித்தான். வாசிக்கும்போது அவன் கழுத்து நரம்பு புடைத்திருந்ததைப் பார்த்தேன். வலித்திருக்கும். கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு கை அந்தப் பலகை மேல் இருந்ததாக எனக்குத் தோன்றியது. நான் பார்க்கவில்லை.

அவன் வாசித்து நிறுத்தினான். பிறகு அந்தப் பெண் கேட்டார்: "தம்பி மறுபடியும் வேன்ல போவாரான்னு சார்ட்ட கேளுண்ணே."

அண்ணன் கேட்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. "இல்லம்மா. இனிமே கோயில்ல மட்டுந்தான் வாசிப்பான்" என்றேன்.

"போவேன்க்கா" என்றான் மகன்.

கட்டிலில் படுத்ததிலிருந்து அவன் தானாக, யாரும் தன்னிடம் கேட்காமல் சொன்ன முதல் வார்த்தை அதுதான். அதை என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, கதவைப் பார்த்துச் சொன்னான். எனக்கு அங்கேயே எழுந்து வந்துவிட வேண்டும் போல இருந்தது. அந்தப் பெண் இந்த முறை அண்ணனை நடுவில் வைக்காமல் நேராக என்னிடமே பேசினார்.

"சார், அவுகளையும் நான் ஒரு வருசம் போக விடாம நிறுத்தி வச்சேன். தோல் மண்டில வேலைக்குப் போனாக. சம்பளத்த அப்படியே கொண்டாந்து குடுத்தாக. அந்த வருசம் எங்கிட்டயும் புள்ளைங்ககிட்டயும் பேசுனது ரொம்பக் கொறச்சல். நாந்தான் அப்பறம் போங்கன்னு அனுப்பிச்சேன்."

அவ்வளவுதான் சொன்னார். வாங்கு என்றோ வேண்டாம் என்றோ சொல்லவில்லை. நான்தான் அனுப்பினேன் என்று சொன்னபோது அந்தக் குரலில் அழுகையும் இல்லை, சமாதானமும் இல்லை. ஊர், தேதி சொல்வது போல இருந்தது. அனுப்பியது சரியா என்று நான் கேட்கவில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் இருந்தால் அவர் சொல்லியிருப்பார்.

அண்ணன் ஒரு விலை சொன்னார். மரண வீட்டில் விலை குறைத்துக் கேட்கிற வழக்கம் எங்களுக்கும் கிடையாது. மறுநாள் பணத்தைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு எடுத்துப்போவதாகச் சொன்னேன். மகன் அதைத் திருப்பிக் கொடுக்கத் தயங்கினான். "தம்பி இப்பவே எடுத்துட்டுப் போகட்டும்" என்று உள்ளேயிருந்து அந்தப் பெண் சொன்னார்.

ஆட்டோவில் அவன் அதை மடியில் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டான். ஸ்பீக்கர் பெட்டியை நான் வைத்துக்கொண்டேன். 

அடுத்த பங்குனிக்குள் இரண்டு விரலால் ஒரு கச்சேரி முழுக்க வாசிக்கப் பழகிவிட்டான். கட்டிலுக்கு அடியில் கிடந்த பந்தைத் தானே எடுத்தான். சாப்பிட்டான். என் மனைவி பக்கத்து வீட்டில் கொடுத்து வைத்த எலி மருந்தைத் திரும்ப வாங்கவில்லை, சாக்கடையில் கொட்டிவிடச் சொன்னாள். இதெல்லாம் நல்லதுதான். நான் மறுக்கவில்லை.

முதல் கச்சேரிக்கு வேன் வந்தது நாலு மணி வெயிலில். புது வேன், புது டிரைவர். நான் போய் அவரிடம், "பகல்ல தூங்குனீங்களா தம்பி?" என்று கேட்டேன்.

"மத்தியானம் பூரா தூங்குனேன் சார்."

உள்ளேயிருந்து ஒருவர், "இப்பவும் அவன் தூங்கிட்டுத்தான் சார் இருக்கான், நீங்க வந்து எழுப்பிட்டீங்க" என்றார். சிரித்தார்கள். பயத்தில்தான் சிரிக்கிறார்கள் என்று தெரிந்ததால் எனக்குக் கோபம் வரவில்லை. போன வருடம் வேனை ஓட்டியவரும் பகலில் தூங்கியவர்தான். அதை அவர் போலீஸிடமும் சொன்னார், எங்களிடமும் சொன்னார். அது தெரிந்தும் இப்போதும் ஒவ்வொரு முறையும் போய்க் கேட்கிறேன்.

விடிந்து வெகுநேரம் கழித்துத்தான் வந்தான். வழியில் டயர் பஞ்சராம். குளிக்காமல்கூட உட்கார்ந்து இட்லி சாப்பிட்டான். சட்னி கேட்டு இரண்டாவது முறை போட்டுக்கொண்டான். யார் யார் பாடினார்கள், கூட்டம் எப்படி என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டே சாப்பிட்டுவிட்டுப் போய்ப் படுத்தான். படுத்த உடனே தூங்கிவிட்டான். மனைவி என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

அடுத்த கச்சேரி எப்போதாம் என்று கேட்டேன்.

"இன்னைக்கேதான்" என்றாள். "நாலு மணிக்கு வேன் வருமாம்."