கோட்டுக்கு வெளியே ஒரு சாண்

அந்தக் கம்பியின் பிடியில் இன்னும் பச்சைச் சேலைக் கிழிசல் சுற்றியிருக்கிறது. வெயிலில் கம்பி சுடும் என்று கண்டமங்கலத்துக்காரம்மா சுற்றியது. விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே, கான்கிரீட் ரோடு இருக்கிற இடங்களில் நானும் அந்தம்மாவும் ஒரே செட்டாக ரிப்பேர் வேலை செய்தோம். இரண்டு சிலாப் சேரும் ஜாயிண்ட் ஓரம் வண்டி ஏறி ஏறி உடையும். கெட்டதை வெட்டியெடுத்துப் புதுக் கலவை போட வேண்டும். எதுவரைக்கும் கெட்டிருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியாது. கம்பியால் தட்டிக் கேட்க வேண்டும். நல்ல இடம் கணீரென்னும். கெட்ட இடம் பொத்தென்னும். தட்டுவது அந்தம்மா வேலை. வெட்டுவது என் வேலை.

ஒருநாள் கூட்டேரிப்பட்டு தாண்டி ஒரு ஜாயிண்ட். சூப்பர்வைசர் வந்ததும் சாக்பீஸால் கோடு போட்டுவிட்டார். அந்தம்மா கோட்டைத் தாண்டியும் தட்டிக்கொண்டே போனார்.

"இன்னாமா, ரோட்டுக்கு நாடி புடிக்கிறியா?"

"இன்னும் ஒரு சாண் பொள்ளலா இருக்குது சார். இதோட வெட்டினா நிக்காது."

"சாயங்காலம் ரோடு தொறக்கணும், ஜல்தி ஆவட்டும். நான் போட்ட கோடு தப்புன்னா நாளைலேர்ந்து நீ வர வேணாம்."

"தப்புதான் சார்." சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லுண்ணே, ஒனக்குக் கேக்கலியா?"

எனக்குக் கேட்டது. நன்றாகவே கேட்டது. நான் கட்டரை ஸ்டார்ட் செய்தேன். அந்த இரைச்சலில் அப்புறம் யார் பேசினாலும் காதில் விழாது. கோட்டின் மேலேயே வெட்டினேன். மறுநாள் அந்தம்மா வரவில்லை. கம்பி மட்டும் கிடந்தது.

பங்குனி வெயிலில் அதே ஒரு சாண் பெயர்ந்து வந்தது. மறுபடி வெட்ட என்னைத்தான் அனுப்பினார்கள். லாரிக்காரன்கள் ஓவர்லோடு அடிக்கிறான்கள் என்றார் சூப்பர்வைசர். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை. அதிகம் பேசாத ஆள் என்று செட்டில் எனக்கு நல்ல பெயர். அந்தப் பெயர் அன்றைக்குத்தான் எனக்குக் கசந்தது. ஆனால் இந்தத் தடவை அந்தம்மா தட்டிக் காட்டிய இடம்வரைக்கும் வெட்டினேன்.

போன மாதம் கூட்டேரிப்பட்டு டீக்கடையில் அந்தம்மாவைப் பார்த்தேன். குயிலாப்பாளையம் பக்கம் சமையல் வேலையாம். திட்டட்டும் என்று நின்றேன்.

"அந்த ஜாயிண்ட்டு இப்ப எப்டிண்ணே கேக்குது?"

"கணீர்னு கேக்குதும்மா."

"அப்ப சரி" என்று பஸ் ஏறிப் போய்விட்டார்.

இப்போது அந்தக் கம்பி என்னிடம். கோடு யார் போட்டாலும் வெளியே ஒரு சாண் தட்டுகிறேன். பொத்தென்றால் சொல்லிவிடுகிறேன், கட்டரை ஸ்டார்ட் செய்வதற்கு முன்னாலேயே.