மோதிக்கொள்ளாத சாம்பியன்கள்

எங்கள் ஊருக்குக் கிரிக்கெட் பைத்தியம் பிடிக்கும் முன்பே குத்துச்சண்டைப் பைத்தியம் பிடித்துவிட்டது. திருச்சுழிப் பக்கம் வேறெந்த ஊருக்கும் இல்லாத இந்த நோயைக் கொண்டுவந்தவர் என் பெரியப்பா. பட்டாளத்தில் குத்துச்சண்டை போட்டுவிட்டு வந்தவர், சாக்கில் பருத்திக்கொட்டையை நிரப்பி வேப்பமரத்தில் தொங்கவிட்டு, இளவட்டங்களுக்குக் குத்தக் கற்றுக்கொடுத்தார். முதல் சீடன் அவருடைய தம்பி, அதாவது என் அப்பா.

எண்பதுகளின் நடுவில் ஹெவிவெயிட் சாம்பியன் என்று ஒரே ஆள் கிடையாது. ஆளுக்கொரு பெல்ட்டைக் கட்டிக்கொண்டு இரண்டு மூன்று பேர் இருந்தார்கள். இவர்கள் ஏன் தங்களுக்குள் மோதவில்லை என்பதுதான் சலூன் கடை பெஞ்சில் தினமும் வழக்கு. பயம் என்பது ஒரு கட்சி. சண்டையை நடத்துகிறவர்கள் விடமாட்டேன் என்கிறார்கள் என்பது இன்னொரு கட்சி. அமெரிக்காக்காரனே இவ்வளவு கவலைப்பட்டிருக்க மாட்டான்.

அந்த வருஷம் கிணற்றுத் தண்ணீரில் தகராறு வந்து, அப்பாவும் பெரியப்பாவும் பேச்சை நிறுத்தினார்கள். கிணறு பொது, ஆளுக்கு ஒருநாள் முறை. பேச்சு இல்லாவிட்டாலும் வெள்ளாமை பார்க்க வேண்டுமே? நடுவில் ஒரு பிள்ளையை நிறுத்தி, அதனிடம் சொல்வதுபோலச் சொல்லிக்கொள்வார்கள். எங்கள் பக்கம் அது வழக்கம்தான். எட்டு வயதில் அந்தப் பிள்ளை நான். இருவரும் கைக்கெட்டும் தூரத்தில் நின்றாலும், நான் திருப்பிச் சொன்னால்தான் காதில் விழுந்ததாகக் கணக்கு.

வெறும் வாயை மென்றுகொண்டிருந்த சலூன் பெஞ்சுக்கு அவல் கிடைத்தது. அமெரிக்காவை விட்டுவிட்டு எங்கள் வீட்டைப் பிடித்துக்கொண்டார்கள்.

"பெரியவருக்கு வயசாச்சுல்ல, அதான் ஒதுங்கிப் போறாரு."

"போலே, சின்னவருதான் பம்முறாரு."

மழை பொய்த்து, பருத்தியில் பிஞ்சு உதிரத் தொடங்கியிருந்தது. அன்று பெரியப்பாவின் முறை. கரண்டு வந்ததும் அப்பா மோட்டாரைப் போட்டு எங்கள் பாத்திக்குத் தண்ணீரைத் திருப்பிவிட்டார். முந்தின நாள் எங்கள் முறையில் கரண்டே வரவில்லை என்பது அவர் நியாயம். பெரியப்பா மம்பட்டியோடு வந்தார். பின்னாலேயே சலூன் பெஞ்சு மொத்தமும் வந்தது. ஒருவர் பாதிச் சவரத்தோடு வந்திருந்தார்.

"ஏத்தா, உங்கப்பன மடைய மாத்தச் சொல்லு."

சொன்னேன்.

"நேத்து நமக்குக் கரண்டு இல்ல. இன்னிக்குப் பாஞ்சாத்தான் பருத்தி பொழைக்கும்னு பெரியப்பாட்டச் சொல்லும்மா."

சொன்னேன்.

"என் பருத்தி மட்டும் கருகணுமாக்கும்? கேளுத்தா."

கேட்டேன். அப்பா தலைத்துண்டை அவிழ்த்து வரப்பில் எறிந்தார். இரண்டு கைகளையும் மடக்கித் தூக்கினார். பெரியப்பா மம்பட்டியைக் கீழே போட்டார். யாரோ ஒருவர் சாகப்போகிறார் என்றே நினைத்தேன். பயத்தில் ஒன்றுக்கு வந்துவிடும்போல் இருந்தது. நடுவில் நின்ற என்னை விலக்கிவிட அத்தனை பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

பெரியப்பா அப்பாவை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"இடது கைய எறக்கிப் புடிச்சிருக்கான். தாடை தொறந்து கெடக்கு. கைய ஏத்தச் சொல்லுத்தா."

சொன்னேன். அப்பாவின் இடது கை தானாக மேலே போனது. பிறகு அப்பா இரண்டு கைகளையும் தொங்கப்போட்டார். குனிந்து பெரியப்பாவின் மம்பட்டியை எடுத்து, மடையை வெட்டி, அண்ணன் பருத்திக்குத் தண்ணீரைத் திருப்பிவிட்டார்.

கூட்டம் ஏமாந்துபோய்க் கலைந்தது. "பெரியவரு பயந்துட்டாருப்பா. கைய ஓங்கவே இல்லயே" என்று தீர்ப்புச் சொல்லிக்கொண்டே போனார்கள். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. அதுவரை வெலவெலத்து நின்றவளுக்குச் சந்தோஷம் பொங்கிவிட்டது. அப்பாவுக்கு முன்னால் வீட்டுக்கு ஓடினேன். அம்மா வாசலில் பதறிப்போய் நின்றிருந்தாள்.

"அப்பாதான் ஜெயிச்சாக! பெரியப்பா பயந்துட்டாரு!" என்று தெருவே கேட்கக் கத்தினேன்.

பின்னாலேயே வந்த அப்பா, என்மேல் ஒருநாளும் கைவைக்காத அப்பா, கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டார். விட்டவர் அங்கேயே படியில் உட்கார்ந்து, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அன்று விழுந்த ஒரே அடி எனக்குத்தான். அவர் பக்கம்தானே பேசினேன், எதற்கு அடித்தார் என்று அம்மாவிடம் கேட்டுக் கேட்டு அழுதேன்.