வண்டியில்தான் வருவேன்

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் அவளை எல்லோரும் பெல் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் கேட்டுக்குள் வருமுன்னே அவளுடைய சைக்கிள் மணி வந்துவிடும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் வாங்கிய சைக்கிள். மகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டதும் அதில்தான், கணவர் காய்ச்சலில் படுத்தபோது மருந்துக்கு ஓடியதும் அதில்தான். ஆனால் சைக்கிள் என்ற வார்த்தை அவள் வாயில் வராது. "என் வண்டிய எவன்டா நகத்தினது?" என்று அவள் போடும் சத்தத்தில், ஈரப் போர்வை பிழிகிறவர்கள் கையை உதறிவிட்டு ஓடிவருவார்கள்.

போன வருஷம் முழங்காலில் ஆபரேஷன். இந்த வருஷம் பணி ஓய்வு. இனி அடங்கி உட்காருவாள் என்று வீட்டில் நினைத்தார்கள், பாவம். அவளோ வெளிநாட்டுக்குச் சைக்கிள் சுற்றுலா போகப்போவதாகக் குண்டைத் தூக்கிப் போட்டாள்.

மகள் கைப்பேசியில் இரண்டு பயணங்களைக் காட்டினாள். ஒன்று ஆற்றங்கரையோரம், மேடு பள்ளம் இல்லாத பாதை. மற்றது மலை ஏறி மறுபக்கம் இறங்குவது.

"ஆத்தோரம் போம்மா. ஹாயா இருக்கும்."

"ஹாயா இருக்கிறதுக்கு எதுக்குடி கடல் தாண்டிப் போகணும்? இங்கேயே கட்டில் கிடக்கு."

"இந்த வயசுல மலையா? பாக்கிறவங்க சிரிப்பாங்க," என்றார் கணவர்.

"பல்லு இருக்கிறவங்க சிரிச்சிட்டுப் போகட்டும்!"

சொன்ன கையோடு மலைப் பயணத்துக்குப் பதிய சுற்றுலா அலுவலகத்துக்குப் போன் போட்டாள். வயதைக் கேட்டுக்கொண்ட மேலாளர், "அப்ப நீங்க வண்டியிலதானே வருவீங்க?" என்றார். இதென்ன கேள்வி என்று அவளுக்குச் சுருக்கென்றது. "பின்ன நடந்தா வருவாங்க? வண்டியிலதான்!" என்றாள்.

மறுநாள் பயணச்சீட்டு வந்தது. அதைப் படித்த கணவரின் முகம் மலர்ந்துவிட்டது. சைக்கிள் கூட்டத்துக்குப் பின்னால் மூட்டை முடிச்சுகளோடு வருகிற வேனில் அவளுக்கு ஓர் இருக்கை போட்டிருந்தார்கள்.

"அப்பாடா! மலையும் பாத்த மாதிரி ஆச்சு, முழங்காலும் தப்பிச்ச மாதிரி ஆச்சு," என்றார் அவர். மகளும் தலையாட்டினாள்.

தன் வார்த்தையே தன்னை வேனில் ஏற்றிவிட்டது என்று புரிந்தபோது அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஆனால் இவர்கள் இரண்டு பேரும் விட்ட நிம்மதிப் பெருமூச்சு இருக்கிறதே, அதுதான் அவளுக்கு எரிச்சலைக் கிளப்பியது. "நான் என்ன மூட்டையா, வேன்ல ஏத்த?" என்று செருப்பை மாட்டிக்கொண்டு சுற்றுலா அலுவலகத்துக்குக் கிளம்பினாள். கணவர் பின்னாலேயே ஓடினார்.

மேலாளர் கையைப் பிசைந்தார். "மாத்திடலாம்மா. ஆனா வேன்ல இருக்கிறது இந்த ஒரு சீட்டுதான். விட்டுட்டா வேற ஆளுக்குப் போயிடும். பாதி வழியில முடியலன்னா ஏற இடம் இருக்காது."

"முடியும். மாத்துங்க."

கணவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அத்தனை பேர் முன்னால் அவர் அப்படிப் பிடித்ததே இல்லை. "ஆபரேஷன் ரூம் வாசல்ல உக்காந்திருந்தவன் நான்," என்றார். "இன்னொரு தடவ அப்படி உக்கார என்னால ஆகாது."

அவளுக்கு நெஞ்சு இளகிவிட்டது. இந்த மனுஷன் இவ்வளவு பயத்தை மூட்டை கட்டி வைத்திருந்தது அவளுக்குத் தெரியாது. கையை அவள் விடுவித்துக்கொள்ளவில்லை. ஆனால் மலையையும் விடவில்லை.

"சார், அந்த வேன் சீட்டை யாருக்கும் குடுக்காதீங்க. இவர் பேர்ல போடுங்க."

"நானா?"

"வாசல்ல ஏன் உக்காரணும்? வண்டியில உக்காருங்க. உங்க வண்டியில நீங்க வாங்க, என் வண்டியில நான் வர்றேன்."

அவர் அவள் முழங்காலைப் பார்த்தார். பிறகு மெல்ல, "நீ மேட்டுல திணறினா?" என்றார்.

"திணறுவேன். பாத்துக்கிட்டே பின்னால வாங்க. ஹாரன் மட்டும் அடிக்கச் சொல்லாதீங்க," என்றாள். "என் மணியக் கழட்டி எடுத்துட்டு வந்து, அங்க குடுக்கிற வண்டியில மாட்டப்போறேன். அந்த மலையில சத்தம் போடுறது நான்தான்."