தம்பி கொண்டுவந்த நான்கு மீன்கள்

பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள் என்பதால் தெருவில் எல்லோருக்கும் அவள் வேன் அக்காதான். வயதில் மூத்தவர்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். பின்சீட்டில் அடிதடி நடந்தால் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓர் அதட்டல் போடுவாள். வேன் முழுக்கக் கப்சிப் ஆகிவிடும். பெற்றவர்கள் அடுத்தடுத்துக் கண்ணை மூடியபோது தம்பிக்கு மீசைகூட முளைத்திருக்கவில்லை. அவனைப் படிக்கவைத்து, கல்யாணம் கட்டிவைத்து நிமிர்ந்து பார்த்தபோது தனக்கென்று யாரையும் தேடிக்கொள்ளும் வயது போய்விட்டிருந்தது. அதற்காக யாராவது உச்சுக்கொட்டினால், "நான் நல்லாத்தானே இருக்கேன், உங்களுக்கு என்ன வந்துச்சு?" என்று வாயை அடைத்துவிடுவாள்.

தம்பி கடைவீதியில் வண்ண மீன் கடை வைத்தான். அங்கே போய்வந்துதான் அவளுக்கு ஏஞ்சல் மீன் பைத்தியம் பிடித்தது. இலை போல் மெலிந்த உடம்பும் மேலும் கீழும் நூலாக நீளும் துடுப்புமாக அவை தண்ணீரில் நின்ற அழகில் சொக்கிப்போனாள். முன்னறையில் சோஃபா இருந்த இடத்தில் பெரிய தொட்டி வந்தது. வருகிறவர்கள் நின்றுகொண்டே பேசிவிட்டுப் போக வேண்டியதாயிற்று. "அதுவும் நல்லதுதான், சீக்கிரம் கிளம்பிடுறாங்க" என்றாள்.

பார்க்கத்தான் அவை சாது. குஞ்சாக இருந்தவரை கூட்டமாகத் திரிந்தவை, வளர்ந்து ஜோடி சேர்ந்ததும் சண்டையை ஆரம்பித்தன. வெள்ளி உடம்பில் கறுப்புப் பட்டை போட்ட ஆண் மீன் ஒன்று இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடைபோட்டு, குறுக்கே வந்தவற்றின் செதிலைப் பெயர்த்தது. அதற்கு மேஸ்திரி என்று பெயர் வைத்தாள். மேஸ்திரியின் ஜோடி பலகைக்கல்லில் முட்டையிட்டுவிட்டால் போதும், மற்ற மீன்கள் எல்லாம் மூலையில் ஒண்டிக்கொள்ள வேண்டியதுதான். அவள் கல்லையும் செடியையும் இடம் மாற்றிவைத்தாள். தன் எல்லை எதுவென்று தெரியாமல் மேஸ்திரி கொஞ்ச நாள் திணறியது. பிறகு பழையபடி ஆகிவிட்டது. கடைசியில் நடுவே ஒரு வலைத்தட்டியைச் செருகி ஜோடியை ஒரு பக்கமும் மற்றவற்றை மறுபக்கமுமாகப் பிரித்தாள். அதன் பிறகுதான் தொட்டியில் அமைதி வந்தது.

அப்படி அமைதியாக இருந்த காலத்தில்தான் ஒரு மத்தியானம் தம்பி வந்தான். கையில் காற்றடைத்த பாலிதீன் பை. உள்ளே நான்கு ஏஞ்சல் மீன்கள்.

"கடையில சுண்ணாம்பு அடிக்கிறேன்க்கா. கொஞ்ச நாள் உன்கிட்ட இருக்கட்டும்."

அவள் சமையலறை மேடையிலிருந்த சின்னத் தொட்டியை நோக்கி நடந்தாள். புதிதாக எந்த மீன் வந்தாலும் சில வாரம் அதில் தனியே கிடந்த பிறகுதான் பெரிய தொட்டிக்குப் போகும். அதை அவளுக்குக் கற்றுக்கொடுத்ததே தம்பிதான்.

"என் மீனுக்குமா?" என்றான். முகம் சுண்டிப்போயிற்று. "நான் என்ன வெளியாளாக்கா?"

அந்த ஒரு வார்த்தையில் அவள் கரைந்துபோனாள். பையைப் பெரிய தொட்டியிலேயே மிதக்கவிட்டு, சற்றுக் கழித்து அவளே அவிழ்த்துவிட்டாள்.

அந்த வாரம் முடிவதற்குள் அவளுடைய மீன்கள் சாப்பாட்டைத் தொடுவதை நிறுத்திவிட்டன. துடுப்பை உடம்போடு ஒடுக்கிக்கொண்டு, மூக்கை மேலே தூக்கியபடி நின்றன. உடம்பெல்லாம் கோழை போல் ஒரு படலம். தம்பிக்குப் போன் போட்டாள்.

"உன் மீனுங்களுக்கு ஏதாச்சும் இருந்துச்சாடா?"

"சேச்சே. உன் தண்ணியிலதான் ஏதோ கோளாறு. மாத்திப் பாரு."

மாற்றினாள். காலை சவாரிக்கும் சாயங்கால சவாரிக்கும் இடையில் வாளி வாளியாக மாற்றினாள். ஹீட்டரைக் கூட்டினாள், உப்புப் போட்டாள், வெளிச்சம் உறுத்தக்கூடாது என்று போர்வையைப் போட்டு மூடினாள், மருந்து வாங்கிக் கரைத்து ஊற்றினாள். ஒவ்வொரு முறை வீடு திரும்பும்போதும் ஏதாவது ஒன்று மல்லாந்து கிடந்தது. முட்டியும் இடுப்பும் விட்டுப்போயின. எங்கோ தான்தான் அசிரத்தையாக இருந்துவிட்டோம் என்று நினைத்து நினைத்து நொந்தாள்.

மேஸ்திரிக்கும் சீக்குத்தான். ஆனால் அது படுக்கவில்லை. அதன் ஜோடி சோர்ந்து சாய்ந்ததும் மேஸ்திரி அதன் மேலேயே திரும்பியது. ஒருநாள் அவள் போர்வையை விலக்கியபோது, பெண் மீனை மூலையில் அழுத்திவைத்துக் கண்ணைக் கொத்திக்கொண்டிருந்தது. கையை விட்டு விலக்கினாள், விரலையும் கடித்தது. பெண் மீனை அள்ளி வாளியில் விட்டு, பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். செவுள் மட்டும் மெல்ல அசைந்தது. பிறகு அதுவும் நின்றது. குழந்தைகளை ஏற்றப்போக நேரமாகிவிட்டதால் முகத்தைக் கழுவிக்கொண்டு கிளம்பினாள். அன்றைக்குப் பின்சீட்டில் நடந்த சண்டையை அவள் அதட்டவில்லை.

கடைசியில் மேஸ்திரியும் தம்பி கொண்டுவந்த நான்கும் மட்டும் மிஞ்சின. அந்த நான்குக்கும் ஒரு சின்ன வாட்டம்கூட இல்லை. சரியாகக் கவனித்திருந்தால் அப்போதே விளங்கியிருக்கும். ஆனால் தம்பியைச் சந்தேகப்பட அவளுக்கு மனம் வரவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தம்பி மனைவி வந்தாள். காலியாகிப்போன தொட்டியைப் பார்த்ததும் வாயில் கை வைத்துக்கொண்டாள்.

"ஐயோ அண்ணி, இங்கயும் இப்படியே ஆயிடுச்சா? கடையிலயும் இதேதான். வந்த சரக்கு மொத்தமும் போயி, இந்த நாலுதான் பிழைச்சுது."

"எப்போ?"

"இதை உங்ககிட்ட கொண்டுவர்றதுக்கு முன்னாடிதான்." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். "அவர் சொல்லலையா?"

வேன் அக்கா தேநீர் போடப் போனாள். அடுப்பைப் பற்றவைக்கவே மறந்து நின்றுகொண்டிருந்தாள்.

சாயங்காலம் தம்பியை வரவழைத்துக் கேட்டாள். முதலில் மழுப்பினான். பிறகு குரலை உயர்த்தினான்.

"தொட்டியை எல்லாம் ப்ளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவணும். இதுங்களை நான் எங்க வைக்கிறது? கொல்ல மனசு வரலைக்கா."

"அதனால என்னோடதைக் கொன்னுட்டியா?"

"பிழைச்சதால சீக்கு போயிடுச்சுன்னு நினைச்சேன். இப்ப என்ன, மீனுதானே!"

"மீனுதான்டா. ஆனா கேட்டேனே. போன் போட்டுக் கேட்டேனே."

அவன் வாசலைப் பார்த்தான். போகும்போது தன் நான்கு மீன்களையும் எடுத்துக்கொண்டான். மேஸ்திரியையும் கேட்டான்.

"சீக்கைத் தாங்குன மீனு. நல்ல வித்துக்கு ஆகும்."

"பிழைச்சதுங்க சீக்கைச் சுமந்துக்கிட்டே திரியும், பல மாசம். உன் நாலுந்தான் இங்க காட்டிடுச்சே. அதுங்களையும் யார் கூடவும் விடாதே. மேஸ்திரி இங்கயே சாகட்டும்."

அவனிடம் அக்கா வீட்டின் மாற்றுச்சாவி ஒன்று எப்போதும் உண்டு. அவள் சவாரிக்குப் போயிருந்த ஒரு காலையில் அதைப் போட்டுத் திறந்து, மேஸ்திரியைப் பிடித்துக்கொண்டு போய்விட்டான். திரும்பி வந்தவள் தரையில் சிந்தியிருந்த தண்ணீரைத் துடைத்தாள். போனும் போடவில்லை, ஏசவும் இல்லை. பூட்டை மட்டும் மாற்றினாள்.

புதுச் சுண்ணாம்பும் புது விளக்குமாகத் தம்பி கடையை மறுபடி திறந்தான். அவள் போகவில்லை. சில வாரத்தில் தம்பி மனைவி போனில் அழுதாள்.

"எல்லாம் மிதக்குது அண்ணி. அவர் ஷட்டரைப் போட்டுட்டு உள்ளயே உட்கார்ந்திருக்காரு. திறக்கமாட்டேங்கிறாரு."

அவள் குழந்தைகளை இறக்கிவிட்டு அதே வேனில் நேரே கடைக்குப் போனாள். ஷட்டரை உள்ளங்கையால் அறைந்தாள். "நான்தான். திற."

உள்ளே செத்த மீன் நாற்றம். தம்பி ஸ்டூலில் தலையைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தான். தான் சொன்னதை அவள் நினைவுபடுத்தவில்லை. சேலையைச் செருகிக்கொண்டு, வலையால் செத்தவற்றை அரித்து வாளியில் போட ஆரம்பித்தாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தவன் எழுந்து வந்து வாளியைப் பிடித்துக்கொண்டான்.

சுவரோரத் தொட்டியில் மேஸ்திரி உயிரோடு இருந்தது. அதனோடு விட்டிருந்த பெண் மீன்கள் கிழிந்து அடியில் கிடந்தன. மேஸ்திரியின் துடுப்பும் நைந்திருந்தது. ஆனாலும் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடைபோட்டது. தம்பியின் நான்கும் அடுத்த தொட்டியில் நின்றன.

"கிராம்பு எண்ணெய் வாங்கிட்டு வா" என்றாள்.

மீனை நோகாமல் மயக்கிச் சாகவைக்கிற எண்ணெய் அது. அவனுக்குப் புரிந்துவிட்டது. "அக்கா, வேண்டாம்க்கா. அது உன்னோடது."

"என்னோடதுங்கிறதாலதான் நான் செய்யறேன். போ."

ஒரு கிண்ணத்து நீரில் எண்ணெயை அடித்துக் கலந்தாள். முதலில் அந்த நான்கு. கடைசியில் மேஸ்திரி. கிண்ணத்துக்குள்ளும் அது துடுப்பை விறைத்துக்கொண்டு அவள் விரலைப் பார்த்து முன்னால் வந்தது. பிறகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. செவுள் நின்ற பிறகும் அவள் நெடுநேரம் கிண்ணத்தை எடுக்கவில்லை. தம்பி சுவரில் முகத்தை வைத்து விக்கி விக்கி அழுதான். அவள் அவன் முதுகில் கை வைக்க நினைத்தாள். கை எல்லாம் கோழையாக இருந்தது. வைக்கவில்லை.

கடையை அவன் அதோடு விட்டுவிட்டான். இப்போது ஒரு பார்சல் கிட்டங்கியில் மூட்டை பிரிக்கிறான். அவள் தன் தொட்டியைக் காயவைத்து, பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட்டாள். உறவு அறுந்துபோய்விடவில்லை. மாதம் ஒருமுறை வருகிறான். அழைப்பு மணியை அடித்துவிட்டு, அவள் வந்து திறக்கும்வரை வாசலில் நிற்கிறான். "வா" என்கிறாள். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, "நல்லா இருக்கியாக்கா?" என்று கேட்கிறான். "இருக்கேன்" என்கிறாள். அதற்குமேல் இருவருக்கும் பேச்சு ஓடுவதில்லை.