படத்துக்கும் தரைக்கும் நடுவே ஒரு முழம்

மேலிருந்து பிடித்த படத்தைத் திருத்தி வரைபடமாக்கும் முன், அது காட்டும் இடத்தில்தான் எல்லாம் இருக்கிறதா என்று தரையில் போய் அளந்து பார்ப்பது எங்கள் தொழில். ஜிபிஎஸ் கம்போடு வெயிலில் நின்று, "காணி எடுக்க வந்தவங்களா?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லிக் களைத்தவர்களுக்கு மிச்சத்தை விளக்கத் தேவையில்லை. இலங்கையின் கிழக்குக் கரையில் நான் கல்முனைக்காரன். கூட வரும் சிவா, திருக்கோவில் என்ற ஊர்க்காரன்.

சாய்ந்த மினாரா

சாய்ந்தமருதில் ஒரு பள்ளிவாசல் மதில் மூலையை அளந்துகொண்டிருந்தோம். நிர்வாகத்திலுள்ள ஹாஜியார் ஒருவர் வந்து டெப்லட்டை எட்டிப் பார்த்தார். படத்தில் மினாரா பக்கத்து வீட்டுக் கூரையில் சரிந்து கிடந்தது. அவர் முகம் மாறிவிட்டது.

நிலத்தின் மேடுபள்ளத்தை மட்டும்தான் நாங்கள் திருத்துவோம், உயரமான கட்டடம் படத்தில் சாய்ந்தபடியே நிற்கும் என்று சொன்னேன். அவர் அண்ணாந்து மினாராவைப் பார்த்தார். பிறகு டெப்லட்டைப் பார்த்தார்.

"சுனாமியில கடல் வந்த நேரமும் சாயாத மினாராவ ஒங்கட படம் சாச்சிப்போட்டிச்சே, தம்பி."

மெசினில் ஒரு புள்ளி

சவளக்கடையில் வாய்க்கால் மதகொன்றின் மூலையை அளக்கப் போனோம். அடுத்த வயல்காரர் இஸ்மாயில் காக்கா; மூத்தவரை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம். தன் வயலைக் காட்டச் சொன்னார். படம் உழவு நேரத்தில் எடுத்தது. வயல் நடுவே உழவு மெசின் நின்றது, அதன்மேல் ஒரு கறுப்புப் புள்ளி.

அது தன் மகன் என்றார். அந்தப் போகம் உழுதுவிட்டுக் கட்டாருக்குப் போனவன், இன்னும் வரவில்லையாம். இதில் ஆளை அடையாளம் பிடிக்க ஏலாது என்று சிவா மெதுவாகச் சொன்னான். தன் வயலில் அந்த முறை வேறு யாரும் மெசினில் ஏறவில்லை என்றார் காக்கா. நான் படத்தைப் பெரிதாக்கினேன். புள்ளி கட்டம் கட்டமாக உடைந்து காணாமற் போனது. அவர் என் கையைப் பிடித்தார்.

"பெருசாக்க வேணாம் தம்பி. சின்னதா இரிக்கக்குள்ளதான் ஆளாத் தெரியுது."

கிணறு மட்டும்

சுனாமிக்கு முந்திய பழைய வான்படம் ஒன்றும் எங்களிடம் வந்தது. அதைச் சோதிக்க, அன்றும் இன்றும் அசையாமல் இருக்கும் பொருள் வேண்டும். கரையோரத்தில் அப்படி மிஞ்சியவை கிணறுகள்தாம். வீடில்லாத ஒரு வெறும் வளவில் கிணற்றுக்கட்டைக் கண்டுபிடித்தபோது, அங்கே ஒரு பெண் தென்னம்பிள்ளைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். கதீஜா ராத்தா. வீட்டோடு உம்மாவையும் தங்கச்சியையும் கடல் கொண்டுபோனதாம். வீட்டைப் பிடித்த போட்டோ ஒன்றுகூட மிஞ்சவில்லையாம்.

சிவா என்னைப் பார்த்தான். நான் பழைய படத்தில் அந்த வளவைத் திறந்து, டெப்லட்டை அவர் கையில் கொடுத்தேன். கூரை, கூரைக்குப் பின்னால் குசினித் தாழ்வாரம், கிணற்றடியில் வெள்ளையாக ஏதோ காயப்போட்டிருந்தது. அவர் திரையைத் தொடாமல் விரலை மேலே வைத்து வைத்துப் பார்த்தார். பிறகு போய், வாசல் இருந்த இடம் என்று நினைத்த மணலில் நின்றார்.

நாங்கள் அளந்தோம். படத்துக் கிணறு உண்மைக் கிணற்றைவிட ஒரு முழம் கிழக்கே, கடல் பக்கம் தள்ளி விழுந்தது. எவ்வளவு பிழை என்று கேட்டார். சொன்னேன். அவர் காலடி மணலைப் பார்த்தார்.

"அப்ப வீட்டையும் ஒரு முழம் தள்ளியா தம்பி நான் நினைக்கணும்?"

அறிக்கையில் 'ஏற்கத்தக்க பிழை' என்று எழுதிக் கொடுத்தேன், யாருக்கு ஏற்கத்தக்கது என்று இந்தத் தொழிலில் ஒருவரும் கேட்பதில்லை.