அக்கா கல்யாணத்தில் புல்வெட்டு ஹெல்மெட்

எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் முனகும். மோட்டார் ஓட ஆரம்பித்தால் ஒரே சுருதியில் முனகிக்கொண்டே இருக்கும். மற்றவர்கள் அதன் பக்கத்திலேயே நின்று நிம்மதியாக ஒரு கோப்பை மைலோ கலக்குவார்கள். கூரைக் காற்றாடி, பக்கத்து வீட்டு நாய், ரொட்டிக்காரரின் மோட்டார் சைக்கிள் ஹாரன் எல்லாமே எனக்கு ஒரே நேரத்தில், ஒரே அளவில் கேட்கும். எல்லாருக்கும் இப்படித்தான் கேட்கிறது, அவர்கள் பொறுத்துக்கொள்கிறார்கள், நான்தான் அடம்பிடிக்கும் பிள்ளை என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன்.

பதினேழு வயதில் மலாக்கா டவுனில் ஒரு டாக்டர் அதற்கு ஒரு பெயர் சொன்னார். ஆட்டிசம். அம்மா கேட்டது ஒரே கேள்விதான்.

"அப்ப இவ வேணும்னே செய்யலையா டாக்டர்?"

இல்லை என்றார் டாக்டர். திரும்பும் வழியில் டுரியான் துங்கால் வந்ததும் அம்மா காரை நிறுத்தச் சொல்லி எனக்கு ஐஸும் தேங்காய்ப்பாலும் வெல்லப்பாகும் சேர்ந்த செண்டோல் ஒன்று வாங்கிக் கொடுத்தார். அத்தனை வருடத் திட்டுக்கும் ஒரு செண்டோல். சரிக்குச் சரி ஆகாதுதான், ஆனாலும் நன்றாக இருந்தது.

சொந்தக்காரர்களிடம் சொன்னால், "பாத்தா அப்படித் தெரியலையே" என்பார்கள், ஏதோ பரிசு கொடுப்பதுபோல. ஒருமுறை ஓர் அத்தையிடம், "பாத்தா எப்படி தெரியணும் அத்த?" என்று கேட்டேன். அதற்குப் பிறகு அவர் எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை. நான் கிண்டல் செய்ததாக அம்மா இன்னமும் நினைக்கிறார். எனக்கு உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

அப்பா புல் வெட்டும் காண்ட்ராக்ட் எடுப்பவர். பள்ளித் திடல், செம்பனைத் தோட்டத்து ஓரம் என்று எங்கே கூப்பிட்டாலும் லோரியில் மெஷினை ஏற்றிக்கொண்டு போவார். அந்தச் சத்தத்துக்காகக் காதில் மாட்டும் ஆரஞ்சு நிற மூடி ஒன்று லோரி சீட்டில் கிடக்கும். ஒருநாள் சும்மா எடுத்து மாட்டிப் பார்த்தேன். வீட்டு வாசல் வழியாகக் காற்றாடி ஓடுவது தெரிந்தது, சத்தமில்லை. நாய் வாயைத் திறந்து மூடியது, சத்தமில்லை. லோரிக்குள் உட்கார்ந்து அழுதேன், நிம்மதியில்தான். அப்பா ஜன்னல் வழியாகப் பார்த்தார். மறுநாள் தனக்கு ஒரு ஹெல்மெட் வாங்கிக்கொண்டார். அதுவும் ஆரஞ்சுதான், முன்னால் கம்பிவலை, இரண்டு பக்கமும் காது மூடி சேர்ந்தே வரும் ரகம். பழையது எனக்கு.

இப்படி இருக்கும்போதுதான் அக்காவுக்குக் கல்யாணம் முடிவானது. மாப்பிள்ளைக்கு ஊர் செலண்டார். அக்கா எனக்கு இட்ட கட்டளை ஒன்றே ஒன்று.

"தாலி கட்டும்போது நீதான் எனக்குப் பின்னால தோழியா நிக்கணும். வேற யாரும் வேணாம்."

எனக்கும் அதுதான் ஆசை. அக்கா இல்லாத வீடு எப்படி இருக்கும் என்று யோசிக்கவே பிடிக்கவில்லை, அந்த ஒரு நிமிடமாவது பக்கத்தில் நிற்க வேண்டும். ஆனால் தாலி என்றால் கெட்டிமேளம். எங்கிருந்தும் ஓர் அபசகுனமான வார்த்தை காதில் விழுந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் அந்த நேரத்தில் அப்படி அடிக்கிறார்கள் என்று கோவில் குருக்கள் சொன்னார். வேண்டாத சத்தத்தை மறைக்க அவர்களுக்கு இரண்டு தவில், இரண்டு நாதஸ்வரம் தேவைப்படுகிறது. எனக்கு ஒரு காது மூடி போதும். இதை அம்மாவிடம் எடுத்துச் சொன்னேன்.

"பட்டுச் சேலய கட்டிக்கிட்டு, தலையில ஆரஞ்சு கலர்ல ரெண்டு தேங்கா மூடியா? வீடியோல்லாம் எடுப்பாங்க லா."

"அப்ப சேலையும் ஆரஞ்சுலயே வாங்கிடலாம்மா."

அம்மா சிரிக்கவில்லை. விஷயம் வீடியோ இல்லை. மாப்பிள்ளை வீட்டாரிடம் என்னைப் பற்றி அம்மா இன்னும் சொல்லவே இல்லை. கல்யாணம் முடியட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது அவர் திட்டம். பஞ்சு வைத்துக்கொள் என்றார். ஒத்திகை பார்த்தோம். அப்பா ஹாலில் மைலோ டின்னைக் கவிழ்த்து வைத்து ஓங்கித் தட்டினார். பஞ்சும் நானும் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டோம். அத்துடன் பஞ்சு தோற்றது. கடைசியில் அக்கா சண்டை போட்டு, மூடியைத் தன் மேக்கப் பையில் வைத்துக்கொள்வதாகவும், கெட்டிமேளத்துக்கு மட்டும் நான் மாட்டுவதாகவும் முடிவானது. அம்மா சரி என்று தலையாட்டினார். அவ்வளவு சீக்கிரம் ஆட்டும்போதே நாங்கள் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

கல்யாணம் மலாக்கா டவுனில் ஒரு கோவில் மண்டபத்தில். மாங்கல்யத் தட்டு ஆசீர்வாதத்துக்காக வரிசை வரிசையாகச் சுற்றி வந்துகொண்டிருந்தது. எல்லார் கையிலும் அட்சதை. நான் மேக்கப் பைக்குள் கையை விட்டேன். பவுடர் இருந்தது, ஊக்கு இருந்தது, மூடி இல்லை. சேலை ஜரிகை கழுத்தைச் சுரண்டியது. தவில்காரர் விரல்களில் கூடு மாட்டிக்கொண்டு சும்மா ஒரு தட்டு தட்டிப் பார்த்தார். அது என் பல் வரைக்கும் வந்தது. வாசல் எந்தப் பக்கம் என்று கண் தேட ஆரம்பித்துவிட்டது.

அக்கா திரும்பினாள்.

"எங்கடி அது?"

"பையில இல்ல."

அக்கா அம்மாவைப் பார்த்தாள். அம்மா மேற்கூரையைப் பார்த்தார்.

"அம்மா."

"காடியில இருக்கு. சீட்டுக்கு அடியில."

கார் சாவி மாமாவிடம். மாமா ஐஸ் கட்டி வாங்க அதே காரில் போயிருந்தார். அதற்குள் தாலி மாப்பிள்ளை கைக்கு வந்துவிட்டது. குருக்கள் தலையைக் குனியச் சொன்னார். அக்கா குனியவில்லை.

"என் தங்கச்சி காதுக்கு ஒண்ணு வரணும் சாமி. வந்தாதான் குனிவேன்."

"நல்ல நேரம் போயிரும்மா."

"அப்ப சீக்கிரம் கொண்டாரச் சொல்லுங்க."

மண்டபமே நிமிர்ந்து உட்கார்ந்தது. மாப்பிள்ளை தாலியைக் கையில் பிடித்தபடி, பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் மாதிரி என்னையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தார். அப்பா வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினார். காலையில் வாசலுக்கு வாழைமரம் ஏற்றி வந்த லோரி வெளியே நின்றது. திரும்பி வந்தபோது அவர் கையில் புல்வெட்டு ஹெல்மெட். கம்பிவலை, காது மூடி, நேற்று வெட்டிய பள்ளித் திடலின் புல், எல்லாம் சேர்த்து.

அதை என் தலையில் மாட்டினார். மல்லிகைப் பூ நசுங்கியது. தோளில் புல் கொட்டியது. முன்வரிசையில் ஒரு பையன் கைதட்டினான். அக்கா தலையைக் குனிந்தாள். குருக்கள் கையை உயர்த்தினார்.

சத்தம் தூரமாகிவிட்டது, ஆனாலும் அதிர்வு தரை வழியாக ஏறியது. ஹெல்மெட் பூச்சரத்தின் மேல் உட்கார்ந்ததால் மூடி காதோடு ஒட்டவில்லை. ஓடிவிடுவேன் என்று நினைத்த அந்த நொடியில், பின்னாலிருந்து இரண்டு கைகள் வந்து மூடிகளை இரண்டு பக்கமும் அழுத்திப் பிடித்தன. வளையல் என் தாடையில் இடித்தது. அம்மா. முதல் முடிச்சு, இரண்டாவது, நாத்தனார் போட்ட மூன்றாவது, எல்லாவற்றையும் நான் கண்ணால் பார்த்தேன். அந்தச் சந்தோஷத்தை இன்றைக்கும் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

சாப்பாட்டுப் பந்தியில் மாப்பிள்ளையின் அம்மா எங்களை நோக்கி வந்தார். அம்மாவின் முகம் வெளிறியது. சொல்லியே ஆக வேண்டிய நேரம்.

"சம்பந்தி, சின்னவளுக்கு ஆட்டிசம். சத்தம் ஆகாது. முன்னயே சொல்லியிருக்கணும்."

அவர் என் மடியிலிருந்த ஹெல்மெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது எங்க கிடைக்கும்? சாயந்தரம் டின்னர்ல டிஜே போடுறானாம் என் சின்ன மவன். எனக்கும் ஒண்ணு வேணும்."

வீடியோ வந்தது. தாலி ஏறும் காட்சியில் எல்லார் கையும் அட்சதை தூவுகிறது. வீடியோவுக்குப் பயந்த அம்மாதான் நட்டநடுவில், ஆரஞ்சு ஹெல்மெட்டை இரண்டு கையாலும் பிடித்தபடி நிற்கிறார். சொந்த மகள் கல்யாணத்தில் ஒரு மணி அட்சதைகூடப் போடவில்லை.

போடவில்லை என்றுதான் நாங்களும் நினைத்தோம். மறுவாரம் அப்பா வேலைக்குக் கிளம்பி ஹெல்மெட்டைத் தட்டினார். காது மூடியின் மெத்தை இடுக்கிலிருந்து, அன்றைக்கு அம்மா கையிலிருந்த மஞ்சள் அரிசி உதிர்ந்தது. அம்மா விளக்குமாறு எடுத்து வந்தார். கூட்டவில்லை. குனிந்து அதைப் பொறுக்கி, நான் மைலோ கலக்கிக்கொண்டிருந்த இடத்துக்கு வந்து, என் தலையில் போட்டார்.